மேலே காத்த வாக்கு, கீழே முறிந்த வாக்கு: விண்டோஸ் பதிப்புகளும் பொருந்தாமையின் விலையும்

இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் அதன்மேல் ஓடும் மென்பொருள்களுக்கும் நடுவே நின்று இரண்டையும் ஆளும் அடிப்படை மென்பொருள். வன்தட்டு, அச்சுப்பொறி, திரை, விசைப்பலகை ஆகியவை அதற்குக் கீழே இருக்கின்றன. கணக்கு எழுதும் நிரல், பக்கம் வடிவமைக்கும் நிரல், விளையாட்டுகள் ஆகியவை மேலே இருக்கின்றன. எந்த இயங்குதளமும் இவ்விரு தரப்புக்கும் வாக்குக் கொடுத்துத்தான் புழக்கத்துக்கு வருகிறது. இன்ன முறையில் கேட்டால் கோப்பைத் திறந்து தருவேன் என்பது மேலே உள்ள நிரல்களுக்குக் கொடுத்த வாக்கு. இன்ன முறையில் பேசினால் உன்னை அடையாளம் கண்டு வேலை வாங்குவேன் என்பது கீழே உள்ள கருவிகளுக்குக் கொடுத்த வாக்கு. புதிய பதிப்பு ஒன்று வரும்போது இந்த வாக்குகளில் எவை நிற்கின்றன, எவை போகின்றன என்பதைப் பொறுத்தே பழைய நிரல் ஓடுவதும் ஓடாததும், பழைய ஸ்கேனர் விழிப்பதும் உறங்குவதும் அமைகின்றன.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் வரலாற்றை இந்தக் கோணத்தில் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். மேல்தரப்புக்குக் கொடுத்த வாக்கை அந்நிறுவனம் வியக்கத்தக்க பிடிவாதத்தோடு காத்துவந்திருக்கிறது. கீழ்த்தரப்புக்குக் கொடுத்த வாக்கையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முறித்திருக்கிறது. இரண்டுக்கும் தக்க காரணங்கள் இருந்தன. ஆனால் அந்த முறிவின் விலையைக் கொடுத்தவர்கள், இயங்குதளத்தை எழுதியவர்களோ விற்றவர்களோ அல்லர். அலுவலகங்களிலும் கடைகளிலும் பள்ளிகளிலும் அதை நிறுவி, பழுது பார்த்து, பயனரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் இருந்தவர்களே.

ஒரே பெயரில் இரண்டு குடும்பங்கள்

சிக்கலின் வேர் 1990களில் இருக்கிறது. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டி, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்திலிருந்து வந்த டேவ் கட்லரின் தலைமையில் அடித்தளத்திலிருந்து புதிதாக எழுதப்பட்டது. ஒரு நிரல் குலைந்தால் மற்றவற்றையும் சேர்த்து வீழ்த்தாத உறுதியே அதன் குறிக்கோள். 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 மாறாக, 1981 முதல் புழங்கிய டாஸ் இயங்குதளத்தின் மரபைச் சுமந்து, அதற்கென எழுதப்பட்ட நிரல்களும் விளையாட்டுகளும் அப்படியே ஓட வேண்டும் என்ற நோக்கத்தோடு கட்டப்பட்டது. திரையில் இரண்டும் பின்னர் ஒரே முகத்தைக் காட்டின. 1996இல் வந்த என்டி 4.0 பதிப்பைப் பார்ப்பவர் அதை விண்டோஸ் 95 என்றே எண்ணிவிடக்கூடும். ஆனால் உள்ளே கெர்னல் எனப்படும் மையப் பகுதி வேறு, கருவிகளோடு பேசும் முறை வேறு, வன்தட்டில் கோப்புகளை அடுக்கும் முறையும் வேறு.

இந்தக் கடைசி வேறுபாடு, இரண்டையும் ஒரே கணினியில் நிறுவ முயன்றவர்களைப் படுத்திய பாடு சிறிதன்று. வன்தட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதைக் குறித்துவைக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். என்டி குடும்பம் விரும்பிய என்டிஎஃப்எஸ் முறைமையை விண்டோஸ் 95, 98 ஆகியவற்றால் படிக்க முடியாது. 1996இல் விண்டோஸ் 95இன் திருத்திய வெளியீட்டோடு வந்த ஃபேட்32 முறைமையை என்டி 4.0 பதிப்பால் படிக்க முடியாது. இரண்டுக்கும் பொதுவாக எஞ்சியது பழைய ஃபேட்16 மட்டுமே. அதிலும் விண்டோஸ் 95, 98 கையாளக்கூடிய ஒரு பகுதியின் அளவு 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. ஆகவே இரண்டு இயங்குதளங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டிய கோப்புகளுக்காக வன்தட்டைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒன்றில் சேமித்த கடிதம் மற்றொன்றில் திறக்கும்போது காணாமல் போயிற்று என்று பயனர் முறையிட்டால், கோப்பு அழியவில்லை, அது இருக்கும் பகுதியே இந்தப் பதிப்பின் கண்ணுக்குத் தெரியாது என்று விளக்க வேண்டியிருந்தது.

2000ஆம் ஆண்டு இந்தக் குழப்பத்தின் உச்சம் எனலாம். பிப்ரவரியில் என்டி வழியில் விண்டோஸ் 2000 வந்தது. செப்டம்பரில் டாஸ் வழியில் விண்டோஸ் எம்இ வந்தது. பெயரிலிருந்து எது எதன் வாரிசு என்று கடைக்காரருக்கே தெரியாத நிலையில், ஒன்றுக்கென வாங்கிய மோடமோ ஒலி அட்டையோ மற்றொன்றில் வேலை செய்யாமல் போவது வழக்கமாயிற்று. 2001 அக்டோபர் 25 அன்று வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, டாஸ் வழியைக் கைவிட்டு, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் என்டி கெர்னலையே பொதுவாக்கிய பிறகுதான் இரட்டைக் குடும்ப வாழ்க்கை முடிவுக்கு வந்தது.

பழைய நிரலுக்காக மாற்றிச் சொல்லப்படும் எண்

மேல்தரப்பு நிரல்களைக் காப்பாற்ற மைக்ரோசாஃப்ட் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்குப் பதிப்பு எண்களே சான்று. தாம் ஓடுவதற்கு விண்டோஸ் 3.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும் என்று சரிபார்க்கும் நிரல்கள் பல, அந்தச் சோதனையைத் தவறாக எழுதியிருந்தன: புள்ளிக்கு முன்னால் உள்ள எண் 3க்குக் குறையாமலும், பின்னால் உள்ள எண் 10க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்று அவை தனித்தனியே பார்த்தன. விண்டோஸ் 95 தன் உண்மையான எண்ணான 4.0 என்பதைச் சொன்னால், புள்ளிக்குப் பின்னால் இருப்பது பூச்சியம் என்பதால், இது மிகப் பழைய பதிப்பு என்று முடிவுகட்டி அந்நிரல்கள் நின்றுவிடும். ஆகவே விண்டோஸ் 95 பழைய 16 பிட் நிரல்களிடம் தன்னை 3.95 என்று அறிமுகப்படுத்திக்கொண்டது. இதே அச்சம் பின்னரும் தொடர்ந்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7 உள்ளுக்குள் 6.1 என்றே எண்ணிடப்பட்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11 இன்றும் தன்னை 10.0 என்றே நிரல்களிடம் சொல்கிறது.

விளையாட்டுகளுக்குக்கூட இந்தச் சலுகை கிடைத்தது. சிம்சிட்டி என்ற புகழ்பெற்ற விளையாட்டு, தான் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை உடனே மறுபடியும் படிக்கும் பிழையைக் கொண்டிருந்தது. பழைய விண்டோஸில் அந்த இடத்தை வேறு யாரும் எடுத்துக்கொள்ளாததால் பிழை வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95இல் அது குலைந்தபோது, பிழை விளையாட்டில்தான் என்று கைவிரிக்காமல், ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆம் எனில் திரும்பிவந்த நினைவகத்தை உடனே எடுத்துவிடாமல் விட்டுவைக்கும் தனி ஏற்பாட்டை இயங்குதளத்துக்குள்ளேயே மைக்ரோசாஃப்ட் சேர்த்ததாக, அவ்விளையாட்டின் நிரலாளர் ஒருவரின் கூற்றைக் கொண்டு மென்பொருள் எழுத்தாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி பதிவுசெய்திருக்கிறார். புதிய பதிப்புக்கு மாறியவுடன் விளையாட்டு நின்றுபோனால், வாடிக்கையாளர் குறை சொல்வது விளையாட்டை அன்று, புதிதாக வாங்கிய விண்டோஸைத்தான் என்ற வணிகக் கணக்கே இதற்குப் பின்னால் இருந்தது.

இவ்வாறு காக்கப்படும் வாக்கு, பராமரிப்பவரின் மேசையில் வினோதமான வடிவம் எடுக்கும். 64 பிட் விண்டோஸின் கோப்புறைகளைத் திறந்து பார்ப்பவர், சிஸ்டம்32 என்ற பெயருள்ள இடத்தில் 64 பிட் கோப்புகளும், சிஸ்வாவ்64 என்ற பெயருள்ள இடத்தில் 32 பிட் கோப்புகளும் இருப்பதைக் காண்பார். பெயரும் பொருளும் தலைகீழாக இருப்பது பிழையன்று. சிஸ்டம்32 என்ற பெயரைத் தமக்குள் எழுதிவைத்துக்கொண்ட நிரல்களின் எண்ணிக்கை மிகுதி என்பதால், அவற்றை 64 பிட்டுக்கு மாற்றும்போது பெயரைத் தேடித் திருத்தும் வேலை வேண்டாம் என்று அப்பெயர் அப்படியே விடப்பட்டது. 32 பிட் நிரல் ஒன்று சிஸ்டம்32 எங்கே என்று கேட்டால், இயங்குதளம் அதை ஓசையின்றி மற்றக் கோப்புறைக்குத் திருப்பிவிடுகிறது. காணாமற்போன ஒரு டிஎல்எல் கோப்பை, அதாவது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, எங்கே நகலெடுத்து வைப்பது என்று பெயரை மட்டும் பார்த்து முடிவுசெய்பவர், சரியான கோப்பைத் தவறான இடத்தில் வைத்துவிட்டு, அதே பிழைச்செய்தி மீண்டும் மீண்டும் வருவதைப் பார்த்துக் கொண்டிருப்பார்.

மேல்தரப்பு வாக்குக்கும் எல்லை உண்டு. டாஸ் காலத்தின் 16 பிட் நிரல்களை 64 பிட் விண்டோஸ் எதுவும் ஓட்டாது. இதில் சிக்கிய பழைய மென்பொருள்களில் சில உண்மையில் 32 பிட் நிரல்களே. அவற்றைக் கணினியில் நிறுவித் தரும் செட்டப் நிரல் மட்டும் 16 பிட்டாக இருந்ததால், ஓடக்கூடிய நிரல் நிறுவ முடியாமல் நின்றது. பரவலாகப் புழங்கிய சில செட்டப் நிரல்களை அடையாளம் கண்டு, அவற்றுக்குப் பதிலாகத் தன்னிடமுள்ள 32 பிட் மாற்றை ஓட்டும் ஏற்பாட்டையும் மைக்ரோசாஃப்ட் செய்துவைத்தது. விண்டோஸ் 7இன் உயர் பதிப்புகளில், எக்ஸ்பி முழுவதையும் ஒரு மெய்நிகர் கணினியாக உள்ளே வைத்து ஓட்டும் எக்ஸ்பி மோட் என்ற வசதியும் தரப்பட்டது.

டிரைவர் என்னும் துபாஷி

கீழ்த்தரப்பின் கதை வேறு. ஓர் அச்சுப்பொறியோ ஸ்கேனரோ இயங்குதளத்தோடு நேரடியாகப் பேசுவதில்லை; கும்பினியாருக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையே நின்ற துபாஷியைப் போல, கருவியின் மொழியையும் கெர்னலின் மொழியையும் அறிந்த டிரைவர் என்ற சிறு நிரல் இடையே நிற்கிறது. டிரைவரை எழுதுவது பெரும்பாலும் கருவியை உற்பத்தி செய்த நிறுவனம். ஆனால் அது ஓடுவது, பல கருவிகளின் விஷயத்தில், இயங்குதளத்தின் மையத்துக்குள். ஆகவே டிரைவரில் ஒரு பிழை இருந்தால் கணினி முழுவதும் நின்று, நீலத் திரை தோன்றுகிறது. இந்த ஆபத்தைக் குறைக்க வேண்டுமானால் டிரைவர்கள் எழுதப்படும் முறையையே மாற்ற வேண்டும். முறையை மாற்றினால் பழைய டிரைவர்கள் செல்லாது. கீழ்த்தரப்பு வாக்கு முறிந்துகொண்டே இருந்ததன் அடிப்படைக் காரணம் இதுதான்.

2007 ஜனவரி 30 அன்று பொதுச் சந்தைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இந்த முறிவுக்குப் பெயர்போனது. திரைக்காட்சி டிரைவர்களுக்கு முற்றிலும் புதிய கட்டமைப்பு வந்தது. 64 பிட் பதிப்பில், எண்ணிமக் கையொப்பம் இல்லாத கெர்னல் டிரைவர் எதுவும் ஏற்கப்படாது என்ற விதியும் வந்தது. 32 பிட் டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது என்பதால், ஒரே கருவிக்கு இரண்டு டிரைவர்கள் எழுத வேண்டிய நிலையும் ஏற்பட்டது. பாதுகாப்பு நோக்கில் இவை யாவும் சரியான முடிவுகள். ஆனால் உற்பத்தியாளர்கள் அவற்றுக்கு ஆயத்தமாக இல்லை. விஸ்டா தொடர்பாக அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்களின்படி, 2007இல் பதிவுசெய்யப்பட்ட விஸ்டா செயலிழப்புகளின் ஒரு தொகுப்பில் ஏறத்தாழ 29 விழுக்காட்டுக்குக் காரணம் என்விடியா நிறுவனத்தின் டிரைவர்களே. வழக்கின் பொருளும் கவனிக்கத்தக்கது: விஸ்டாவின் புதிய திரைக்காட்சியைத் தாங்க முடியாத கணினிகளிலும் 'விஸ்டா கேப்பபிள்', அதாவது விஸ்டாவுக்குத் தகுதியானது, என்ற ஒட்டுச்சீட்டு ஒட்டி விற்கப்பட்டது என்பதே வாங்கியவர்களின் குற்றச்சாட்டு. கூட்டு வழக்காக அதை நடத்த 2008இல் கிடைத்த அனுமதி 2009இல் விலக்கப்பட்டது.

ஏற்கெனவே விற்று முடிந்த கருவிக்குப் புதிய டிரைவர் எழுதுவதால் உற்பத்தியாளருக்கு வருமானம் எதுவும் இல்லை. எழுதாமல் விட்டால், பயனர் புதிய கருவியை வாங்க வாய்ப்புண்டு. இந்த எளிய பொருளாதாரமே, நல்ல நிலையில் இருக்கும் ஸ்கேனர்களும் அச்சுப்பொறிகளும் இயங்குதளம் மாறியவுடன் பரணுக்குப் போவதை விளக்குகிறது. பயனர் விண்டோஸைக் குறைகூறுவார். விண்டோஸ் தரப்பு கருவி நிறுவனத்தைக் கைகாட்டும். கருவி நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடல் பழைய கருவிகளின் பட்டியலில் கிடக்கும். இந்த மூவருக்கும் நடுவில் நிற்கும் பழுதுபார்ப்பவர், வேறு மாடலின் டிரைவரைப் போட்டுப் பார்ப்பது, பழைய பதிப்பின் டிரைவரைப் பொருந்துமுறையில் ஓட்டிப் பார்ப்பது என்று ஊகங்களால் அன்றைய பொழுதைக் கழிப்பார்.

லினக்ஸ் இயங்குதளம் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. அங்கே பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலின் மூல நிரலோடு சேர்த்தே வைக்கப்பட்டிருப்பதால், உட்புற முறையை மாற்றுபவரே அதைச் சார்ந்த டிரைவர்களையும் திருத்துவது வழக்கம்; பழைய கருவிகள் பல அதனால் நீண்ட காலம் பிழைக்கின்றன. ஆயினும் மூல நிரலை வெளியிடாத நிறுவனங்களின் டிரைவர்கள் கெர்னல் மாறும்போது முறிகின்றன. புதிய பதிப்பில் தொகுக்கப்பட்ட நிரல், அடிப்படை நிரல் தொகுப்பு பழையதாக இருக்கும் கணினியில் ஓட மறுக்கிறது. விலை அங்கும் உண்டு. அதைக் கொடுப்பவர்தான் வேறு.

நிறுவும் மேசையில்

டிரைவர் இல்லாத அச்சுப்பொறி ஒரு தொல்லை என்றால், வன்தட்டுக்கே டிரைவர் இல்லாதது நிறுவும் வேலையைத் தொடங்கவே விடாது. எக்ஸ்பி 2001இன் வன்பொருளை மனத்தில் வைத்து உருவானது. சில ஆண்டுகளில் சாட்டா வகை வன்தட்டுகளும், அவற்றை ஏஎச்சிஐ என்ற முறையில் இயக்கும் மதர்போர்டுகளும் வந்தன. எக்ஸ்பி குறுந்தட்டைச் செருகி நிறுவத் தொடங்கினால், நீலத் திரையின் கீழ் வரியில் எஃப்6 விசையை அழுத்தச் சொல்லும் அறிவிப்பு சில நொடிகள் மட்டும் தோன்றி மறையும். அந்நேரத்தில் அழுத்தி, உரிய டிரைவரைத் தராவிட்டால், கணினியில் வன்தட்டே இல்லை என்று நிறுவல் நிரல் அறிவித்து நின்றுவிடும். அந்த டிரைவரை அது ஃபிளாப்பி வட்டிலிருந்து மட்டுமே வாங்கிக்கொள்ளும் என்பதுதான் கொடுமை. மடிக்கணினிகளிலிருந்து ஃபிளாப்பி மறைந்துவிட்ட காலம் அது.

இதற்குத் தொழிலில் இருந்தவர்கள் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, டிரைவரை எக்ஸ்பி கோப்புகளுக்குள்ளேயே சேர்த்துப் புதிய குறுந்தட்டு எழுதிக்கொள்வது. மற்றது, கணினி விழித்தவுடன் ஓடும் பயாஸ் அமைப்புக்குள் போய், வன்தட்டைப் பழைய ஐடிஇ முறையில் நடந்துகொள்ளச் செய்வது. இரண்டாவது எளிது, ஆனால் பின்னொரு நாளில் யாரேனும் அந்த அமைப்பை ஏஎச்சிஐக்கு மாற்றிவிட்டால், அதுவரை நன்றாக ஓடிய கணினி 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத் திரையில் நின்றுவிடும். தான் விழிக்க வேண்டிய வன்தட்டையே அடைய முடியவில்லை என்பது அதன் பொருள். மாற்றியவருக்கு மாற்றியது நினைவிருக்காது; ஃபார்மட் அடித்து மறுபடியும் ஓஎஸ் போட வேண்டும் என்ற முடிவுக்குப் பலர் போனதற்கு இந்த ஒற்றை அமைப்பு காரணமாயிருந்தது.

அடுத்த தலைமுறையில் காட்சி மாறியது, கதை மாறவில்லை. பயாஸ் என்ற பழைய தொடக்க முறைக்கு மாற்றாக யுஇஎஃப்ஐ வந்தது. வன்தட்டின் பிரிவுகளைப் பதிந்துவைக்கும் எம்பிஆர் என்ற அட்டவணை 2 டிபிக்கு மேல் கையாள முடியாததால் ஜிபிடி என்ற புதிய அட்டவணை வந்தது. பழைய தொடக்க முறையில் விழித்த நிறுவல் நிரல் ஜிபிடி வட்டில் விண்டோஸ் போட மறுக்கும். புதிய முறையில் விழித்தது எம்பிஆர் வட்டை மறுக்கும். செய்தியின் பொருள் விளங்காதவர், எல்லாப் பிரிவுகளையும் அழித்துவிட்டால் வழி திறக்கும் என்று கண்டு, அவ்வாறே செய்து, பயனரின் கோப்புகளையும் சேர்த்து அழித்துவிடுவதுண்டு. தொடக்க முறையை மாற்றிக் கணினியை மறுபடி விழிக்கச் செய்திருந்தாலே அந்த இழப்பு நேர்ந்திருக்காது.

2015இல் இன்டெலின் ஸ்கைலேக் வகைப் புராசசர்களோடு வந்த மதர்போர்டுகளில் விண்டோஸ் 7 நிறுவ முயன்றவர்கள் இன்னும் விசித்திரமான நிலையைக் கண்டனர். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முதல் திரை வரும். மவுஸ் நகராது, விசைப்பலகை எழுதாது. முந்தைய மதர்போர்டுகளில் யுஎஸ்பி 2.0க்கெனத் தனியே இருந்த கட்டுப்படுத்தி இவற்றில் நீக்கப்பட்டு, எல்லாத் துளைகளும் யுஎஸ்பி 3.0 வழியாகவே இயங்கின. அதற்குரிய டிரைவர் விண்டோஸ் 7இன் நிறுவல் வட்டில் இல்லை. பழைய பிஎஸ்2 துளை இருந்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள் வேறொரு கணினியில் வட்டைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. இதற்குச் சில மாதங்களில், 2016 ஜனவரியில், இனி வரும் புராசசர்களுக்கு அப்போதைய புதிய விண்டோஸ் பதிப்பில் மட்டுமே ஆதரவு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அடுத்த ஆண்டு, அத்தகைய புராசசர்கள் கொண்ட கணினிகளில் விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றுக்கான இற்றைப்பாடுகளும் நிறுத்தப்பட்டன.

பதிப்பைப் பொறுத்த தமிழ் எழுத்து

தமிழ் பயனர்களுக்கு இந்த வரலாற்றில் தனிப் பங்கு உண்டு. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறையில் தமிழைச் சரியாகக் காட்டும் திறன் விண்டோஸில் முதன்முதலாக அமைந்தது 2000 பதிப்பில்தான்; லதா என்ற எழுத்துருவும் அதனோடு வந்தது. அதே காலத்தில் வீடுகளில் மிகுதியாக இருந்த விண்டோஸ் 98, எம்இ ஆகியவற்றில் அந்த ஆதரவு இல்லை. தமிழில் 'கொ' என்ற எழுத்து, ககர உயிர்மெய்யை அடுத்து ஒகரக் குறியாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அக்குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது இயங்குதளத்தின் வேலை. அதை அறியாத பதிப்பில், எழுத்துரு இருந்தாலும் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். எழுத்துருவும் இல்லையெனில் கட்டங்களே தெரியும்.

எக்ஸ்பியில் ஆதரவு இருந்தும் அது தானாக இயங்கவில்லை. வட்டார மொழி அமைப்புகளுக்குள் போய், சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவும்படி ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். குறியிட்டதும் எக்ஸ்பி குறுந்தட்டைச் செருகும்படி கணினி கேட்கும். குறுந்தட்டு இல்லாமல் வாங்கிய கணினிகளே பெரும்பாலானவை என்பதால், ஒரு தமிழ் மின்னஞ்சலைப் படிக்க முடியாமற்போனதற்கு அந்தக் குறுந்தட்டே காரணமான வீடுகள் பல. விஸ்டாவிலிருந்துதான் இந்த ஆதரவு இயல்பிருப்பாக வந்தது.

இந்தச் சூழலில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் 8 பிட் எழுத்துருக்கள் ஏன் அவ்வளவு நீடித்தன என்பது விளங்கும். அவை இயங்குதளத்திடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. எழுத்துருவை நகலெடுத்துப் போட்டால் எந்தப் பதிப்பிலும் தமிழ் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பின் டாம், டாப் ஆகிய குறியீடுகளைத் தமிழ்நாட்டு அரசு தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடுக்கு மாற ஆணையிட்டது. ஆனால் யூனிகோடுத் தமிழை அறியாத பேஜ்மேக்கரில் பல ஆண்டுகளாகப் பக்கம் வடிவமைத்த அச்சகங்களிடம், அந்த நிரலையும் அந்த எழுத்துருக்களையும் கோரும் கோப்புகள் மலையாகக் குவிந்துவிட்டன. புதிய கணினிக்கு மாறுவது அங்கே கணினியை மட்டும் மாற்றுவதன்று என்பதால், பழைய எக்ஸ்பி இயந்திரங்கள் ஓய்வுபெறாமல் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரே வலையமைப்பில் பல காலங்கள்

தனித்தனியே நன்றாக ஓடும் கணினிகள், ஒன்றோடொன்று பேச வேண்டியபோது முரண்படுவது பராமரிப்பவர்களின் அடுத்த தலைவலி. விண்டோஸ் கணினிகள் கோப்புறைகளைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் எஸ்எம்பி என்ற முறையின் முதல் பதிப்பை மட்டுமே எக்ஸ்பி அறியும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வன்னகிரை என்ற பணயத் தீநிரல் அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகவே புகுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 வெளியீட்டிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் எஸ்எம்பி முதல் பதிப்பு விலக்கப்பட்டது. விளைவாக, ஸ்கேன் செய்த தாளைக் கணினியின் கோப்புறைக்கு நேராக அனுப்பும் பழைய நகல் இயந்திரங்கள், புதிய கணினி வாங்கிய நாளிலிருந்து அனுப்ப மறுத்தன. பாதுகாப்பற்றது என்று நீக்கப்பட்ட ஒன்றை மறுபடியும் இயக்கிக் கொடுப்பதா, நல்ல நிலையில் உள்ள இயந்திரத்தைக் கைவிடச் சொல்வதா என்ற முடிவு, அந்த அதிகாரம் இல்லாத பராமரிப்பாளரின் தலையில் விழுந்தது.

2021 செப்டம்பரில் இதே முரண் அச்சுப்பொறிகளுக்கு வந்தது. வலையமைப்பின் வழியே அச்சிடும் முறையில் இருந்த பாதுகாப்புக் குறையை அடைக்க வந்த இற்றைப்பாடு, கணினிகள் இரண்டும் கூடுதல் சரிபார்ப்போடு பேச வேண்டும் என்று வற்புறுத்தியது. ஒன்று அதற்குத் தயாராக இல்லையெனில், 11பி என்று முடியும் பிழை எண்ணோடு பகிர்ந்த அச்சுப்பொறி இணைய மறுத்தது. முதல்நாள் வரை பில் அடித்துக்கொண்டிருந்த கடையில், யாரும் எதையும் தொடாமலே அச்சு நின்றது. பரவலாகக் கையாளப்பட்ட தீர்வு, விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூச்சியமாக்கி, வந்த பாதுகாப்பை மறுபடி அணைப்பது. வேலை நடக்க வேண்டுமானால் காப்பை நீக்க வேண்டும், காப்பு வேண்டுமானால் வேலை நிற்க வேண்டும் என்ற நிலை, பதிப்புகள் கலந்திருக்கும் இடங்களில்தான் கூர்மையாகத் தோன்றுகிறது.

ஆதரவு முடியும் நாள்

ஒரு பதிப்புக்கு ஆதரவு முடிகிறது என்றால் அது ஓடுவது நிற்கிறது என்று பொருளன்று. அதில் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வருவது நிற்கிறது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 ஆகியவை அந்நாள்கள். வன்னகிரை தாக்கியபோது, கைவிட்டு மூன்றாண்டுகளான எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காகத் திருத்தம் வெளியிட்டது. ஆயினும் அத்தாக்குதலில் பெருமளவு பாதிக்கப்பட்டவை, ஆதரவு இருந்தும், இரண்டு மாதம் முன்பே வெளியான திருத்தத்தை இட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 கணினிகள். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை அறக்கட்டளைகளில் மூன்றில் ஒரு பங்கு அதனால் இடருற்றது. மருத்துவமனைகளில் திருத்தம் தாமதப்படுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. படமெடுக்கும் கருவியோடு விற்கப்பட்ட கணினியில் எதை மாற்றினாலும் கருவி நிற்குமோ என்ற அச்சம் பதிப்புகளின் நீண்ட வரலாறு கற்றுக்கொடுத்தது.

விண்டோஸ் 11 இந்த வரலாற்றின் அண்மைக் கட்டம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் எனில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசசரும் வேண்டும் என்ற அதன் நிபந்தனையால், வேலைக்குப் போதுமான வேகம் உள்ள எத்தனையோ கணினிகள் தகுதியிழந்தன. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் அறிவிக்கப்பட்டாலும், அது தவணையே தவிரத் தீர்வன்று. நிபந்தனையை ஏமாற்றி நிறுவும் வழிகள் உண்டு. ஆனால் அவ்வாறு நிறுவிக்கொடுத்தவர், பின்னால் வரும் எந்த இற்றைப்பாடும் தடைபட்டால் பதில் சொல்ல வேண்டியவராகிறார்.

நடைமுறையில் அனுபவமுள்ள பராமரிப்பாளர்கள் சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பதிப்புகளை ஒரே கணினியில் போடுவதானால் பழையதை முதலில் போடுவார்கள், ஏனெனில் பின்னால் வரும் பழைய பதிப்பு புதியதன் தொடக்க நிரலை அறியாமல் அதன்மேல் தன்னுடையதை எழுதிவிடும். பழைய நிரலைக் கைவிட முடியாத இடத்தில் அதை மெய்நிகர் கணினிக்குள் வைப்பார்கள். பழைய கருவியைக் கைவிட முடியாத இடத்தில், அதற்குரிய கணினியை வலையமைப்பிலிருந்து பிரித்துத் தனியே வைப்பார்கள். இவை யாவும் முறிந்த வாக்கை ஒட்டவைக்கும் முயற்சிகளே. வாக்கு யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு விடையல்ல.

அந்தக் கேள்வியைச் சட்டம் இப்போதுதான் தொடத் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய இணையவழித் தாங்குதிறன் சட்டம், எண்ணிமப் பொருள்களை விற்பவர் பொதுவாக ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் பாதுகாப்புத் திருத்தங்களைத் தர வேண்டும் என்கிறது. அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன. ஆனால் பாதுகாப்புத் திருத்தம் தருவது வேறு, அடுத்த இயங்குதளப் பதிப்புக்கு டிரைவர் எழுதித் தருவது வேறு. விலைப்பட்டியலில் அச்சு வேகமும் மையின் விலையும் இருக்கின்றன. கருவிக்கு எத்தனை ஆண்டுகள் வரை டிரைவர் தரப்படும் என்ற வரி இல்லை. வாங்குபவர்கள், குறிப்பாக நூற்றுக்கணக்கில் வாங்கும் அரசு அலுவலகங்களும் பள்ளிகளும், அந்த வரியை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கத் தொடங்கும் வரை, ஓர் இயங்குதளம் மாறும்போதெல்லாம் கணக்கு பராமரிப்பவரின் நேரத்திலும் பரணில் சேரும் நல்ல கருவிகளிலுமே தீர்க்கப்படும்.